நனோத்துணிக்கைக்குப் பொட்டென்சியல் எங்கே தேடுவது, எதை நம்புவது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் பௌதிகவியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வியின் சாரம் இது. 5 நனோமீற்றர் விட்டமுள்ள அனடேசுத் துணிக்கை ஒன்றை, அதாவது தைத்தேனியமீரொட்சைட்டின் ஒரு வடிவத்தை, அணுக்களின் அசைவைக் கணிக்கும் லாம்ப்ஸ் என்ற மென்பொருளில் ஓடவிட வேண்டும். பிறகு அதைத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். முடிந்தால் அதன்மேல் ஒரு சின்ன வெள்ளிக் கொத்தும் வேண்டும். அணுக்களுக்கிடையிலான பொட்டென்சியலை, அதாவது அணுக்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கும், தள்ளும் என்று சொல்லும் வாய்பாட்டையும் எண்களையும், எந்தத் தளத்தில் எடுப்பது? இணையத்தில் கிடைத்த எண்களைப் போட்டபோது முழுப் பளிங்கு ஒழுங்காக நின்றது, உருண்டையாக வெட்டிய துணிக்கை மட்டும் சிதறிப்போனது, ஏன்?

பரமேஸ்வராச் சந்தியில் ஒரு பிளேன்டீயோடு பேசி முடிக்கிற விசயமல்ல இது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். உங்கள் தேவை ஒன்றுபோலத் தெரிந்தாலும் அது மூன்று தேவை. வெள்ளிக்கு உரியது களஞ்சியத்தில் கோப்பாகவே கிடைக்கும். ஒட்சைட்டுக்கு உரியது பெரும்பாலும் ஆய்வுக்கட்டுரையின் அட்டவணையில் எண்களாகக் கிடக்கும். வெள்ளியும் ஒட்சைட்டும் தொட்டுக்கொள்ளும் இடத்துக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஆயத்தப் பொட்டென்சியல் என்று ஒன்று இல்லை. மூன்றையும் ஒரே தளத்தில் தேடினால் நாள்தான் போகும்.

களஞ்சியங்கள் என்றால் பெரியவை இரண்டு. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் நடத்தும் பொட்டென்சியல் களஞ்சியம் ஒன்று, ஓப்பன்கிம் மற்றது. இரண்டிலும் உலோகங்களும் கலப்புலோகங்களும் சிலிக்கனும் நிறைய உண்டு. ஒட்சைட்டுகள் அவ்வளவாக இல்லை. ஓப்பன்கிம்மின் பெரிய வசதி, ஒவ்வொரு மாதிரியையும் அவர்களே ஓட்டிப் பார்த்து, சாலக மாறிலி, மீள்தன்மை மாறிலி, மேற்பரப்புச் சக்தி போன்றவற்றை அந்தப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். கோப்பை இறக்கும் முன் அந்த எண்களைப் பாருங்கள். லாம்ப்ஸை நிறுவும்போது கூடவே வரும் பொட்டென்சியல் கோப்புறையை ஏனோ பலர் திறப்பதே இல்லை. அதிலுள்ள கோப்புகள் பலவற்றின் முதல் வரியிலேயே எந்த அலகு, எந்தக் கட்டுரையில் இருந்து வந்தது என்று எழுதியிருக்கும். ஒட்சைட்டுக்கு இன்னொரு வழி கல்ப் என்ற மென்பொருள். அவுஸ்திரேலியாவின் கேர்ட்டின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியன் கேல் எழுதியது, கல்வித் தேவைக்கு இலவசம். அதோடு வரும் நூலகக் கோப்புகளில் பழைய அயன் பொட்டென்சியல்கள் தொகுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் லாம்ப்ஸில்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றாலும், எண்களைச் சரிபார்க்க அவை உதவும்.

சரி, இனி முக்கியமான கதைக்கு வருவோம். ஒரு பொட்டென்சியலைத் தெரிவு செய்யும்போது பெயரைப் பார்க்காமல், அதை எதற்குப் பொருத்தி எடுத்தார்கள் என்பதைப் பாருங்கள். நனோத்துணிக்கைக்கு இது உயிர் போகிற விசயம். ஒரு சின்னக் கணக்கு: அனடேசின் அலகுக் கலம் 3.785 × 3.785 × 9.514 அங்ஸ்ட்ரம், அதற்குள் 12 அணுக்கள். 5 நனோமீற்றர் உருண்டைக்குள் ஏறத்தாழ 480 கலங்கள் அடங்கும், அதாவது கிட்டத்தட்ட 5,800 அணுக்கள். அவற்றில் மூன்றிலொரு பங்கு வெளி ஓரத்தில் இருந்து 0.3 நனோமீற்றருக்குள் இருக்கின்றன. விட்டத்தை 3 நனோமீற்றராக்கினால் பாதிக்குப் பாதி. ஆனால் பழைய பொட்டென்சியல்களில் பெரும்பாலானவை முடிவில்லாத பளிங்கின் சாலக மாறிலிக்கும் மீள்தன்மைக்கும் பொருத்தப்பட்டவை. மேற்பரப்பை அவை கண்ணாலும் கண்டதில்லை.

உங்கள் வெள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். உலோகங்களுக்கு வழமையானது ஈ.ஏ.எம். முறை. 1984இல் டோவும் பாஸ்கெஸும் கொண்டுவந்தது. ஒவ்வொரு அணுவும் மற்ற அணுக்களின் இலத்திரன் அடர்த்திக்குள் பதிந்திருப்பதாகக் கருதும் முறை இது. 1986இல் ஃபோல்ஸ், பாஸ்கெஸ், டோ மூவரும் செம்பு, வெள்ளி, பொன், நிக்கல், பலேடியம், பிளாட்டினம் ஆறுக்கும் ஒரு தொகுதி வெளியிட்டார்கள். இன்றும் ஆயிரக்கணக்கானோர் பாவிக்கிறார்கள். அதில் வெள்ளியின் (111) முகத்தின் மேற்பரப்புச் சக்தி சதுர மீற்றருக்கு 0.62 யூல் என்று வருகிறது. பரிசோதனையில் வெள்ளிக்குக் கிடைக்கும் சராசரி அதன் இரு மடங்கு அளவில், 1.2 யூலுக்கு மேல். முழு உலோகத்துக்கு அருமையான பொட்டென்சியல். ஆனால் 2 நனோமீற்றர் கொத்து எந்த வெப்பநிலையில் உருகும், எந்த வடிவத்தில் நிற்கும் என்று கேட்டால், பதில் முழுக்க இந்த எண்ணில் தொங்குகிறது. வில்லியம்ஸ், மிஷின், ஹமில்டன் 2006இல் வெள்ளிக்குத் தந்ததும் நிஸ்ட் களஞ்சியத்தில் இருக்கிறது. நான் என்றால் அதில் தொடங்கி, பழையதையும் பக்கத்தில் ஓட்டி, இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பேன். எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. ஹைன்ஸ் குழு 2008இல் இதே வகை உலோகங்களுக்கு வெறும் லெனாட்–ஜோன்ஸ் 12–6 என்ற எளிய சோடி வாய்பாட்டுக்கான எண்களைத் தந்தது. பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் அடர்த்திக்கும் மேற்பரப்புச் சக்திக்கும் பொருத்தியதால், உலோகத்தில் சேதன மூலக்கூறுகள் ஒட்டுவதைப் பார்க்க அது நன்றாகவே வேலை செய்கிறது.

மற்றப் பொருட்களுக்கு வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், உங்கள் வகுப்பில் வேறு யாருக்காவது உதவும். சிலிக்கனுக்கு ஸ்டில்லிங்கர்–வெபர், 1985, அல்லது டெர்சாஃப். சிலிக்காவுக்கு 1990இன் பி.கே.எஸ். களிமண் கனியங்களுக்கு 2004இன் கிளேஎஃப்எஃப். கட்மியம் செலினைட்டுக் குவாண்டம் புள்ளிகளுக்கு ரபானி 2002இல் தந்தது. கிரபீனுக்கு டெர்சாஃபின் வாய்பாடுதான், ஆனால் லிண்ட்சே, புரொய்டோ இருவரும் 2010இல் எண்களை மாற்றினார்கள். அந்த மாற்றம் அதிர்வுகளுக்கும் வெப்பக் கடத்தலுக்கும் செய்தது. தாளைக் கிழித்துப் பார்ப்பதற்கு அதை எடுக்கக்கூடாது.

இனி ஒட்சைட்டு. நீங்கள் இணையத்தில் எடுத்த எண்கள் மட்சுயி, அக்கவோகி இருவரும் 1991இல் வெளியிட்டவையாகத்தான் இருக்கும், ஏனென்றால் எல்லோரும் முதலில் போய் நிற்பது அங்கேதான். தைத்தேனியத்துக்கு +2.196, ஒட்சிசனுக்கு −1.098 என்று நிலையான பகுதி ஏற்றங்கள், அதோடு பக்கிங்ஹாம் வடிவத்தில், அதாவது A·exp(−r/ρ) − C/r⁶ என்ற வாய்பாட்டில், குறுந்தூர விசை. இலத்திரன்வோல்ட், அங்ஸ்ட்ரம் அலகில் A, ρ, C மூன்றும் தைத்தேனியம்–ஒட்சிசன் சோடிக்கு 16957.5, 0.194, 12.59. ஒட்சிசன்–ஒட்சிசனுக்கு 11782.7, 0.234, 30.22. தைத்தேனியம்–தைத்தேனியத்துக்கு 31120, 0.154, 5.25. உங்கள் உள்ளீட்டுக் கோப்பில் உள்ளவற்றை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூலக்கட்டுரையில் சமன்பாடே வேறு வடிவத்தில், வேறு அலகில் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் மாற்றி எழுதியபோது எழுத்துப்பிழைகளும் சேர்ந்தே பயணித்திருக்கின்றன. 1 இலத்திரன்வோல்ட் என்பது 23.06 கிலோகலோரி/மோல். லாம்ப்ஸில் இலத்திரன்வோல்ட் பாவிக்கும் ‘மெற்றல்’ அலகில் நின்றுகொண்டு, கிலோகலோரி/மோல் பாவிக்கும் ‘ரியல்’ அலகின் எண்ணைப் போட்டால் அது பேசாமல் ஓடும், குப்பை தரும். ஒரு எண்ணை எடுத்தால் இரண்டு வேறு கட்டுரைகளிலாவது அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இது நல்ல பொட்டென்சியலா? உங்கள் வேலைக்கு, ஓம். இந்த ஒட்சைட்டின் வடிவங்களான அனடேசு, உருட்டைல், புரூக்கைட்டு எல்லாவற்றின் அமைப்பையும் ஒரே எண்களால் தருகிறது. கமிங்ஸ், பான்ஃபீல்ட் ஆகியோர் சேர்ந்த குழு 2005இல் இதே பொட்டென்சியலால் இதே ஒட்சைட்டின் நனோத்துணிக்கைகளை ஆராய்ந்து மேற்பரப்புச் சக்தி கணித்திருக்கிறது. உங்களுக்கு முன்னால் அந்தப் பாதையில் ஆட்கள் நடந்திருக்கிறார்கள். ஏற்றம் நிலையானது என்பதால் அதற்கு முடியாததும் உண்டு. ஒட்சிசன் ஒன்று கழன்று போய்ப் பக்கத்துத் தைத்தேனியம் +3 ஆவதை அது காட்டாது. ஒளி உறிஞ்சல், சாயத்தில் இருந்து இலத்திரன் பாய்வது, பட்டை இடைவெளி இவையெல்லாம் எந்தப் பொட்டென்சியலிலும் இல்லை. சூரியக் கலம் பற்றி எழுத ஆசை என்றால் அந்தப் பகுதிக்கு இலத்திரன்களைக் கணிக்கும் டி.எஃப்.டி. போன்ற முறைதான் வழி. பொட்டென்சியல் தருவது அமைப்பும் அசைவும் மட்டும்.

இப்போது சிதறலுக்கு வருவோம். என் ஊகம், குற்றவாளி பொட்டென்சியல் அல்ல, கத்தி. பளிங்கை உருண்டையாக வெட்டும்போது தைத்தேனியமும் ஒட்சிசனும் சரியாக ஒன்றுக்கு இரண்டு என்று வருவது தற்செயல். உதாரணத்துக்கு 1915 தைத்தேனியமும் 3850 ஒட்சிசனும் வந்தால், 20 ஒட்சிசன் கூடுதல். துணிக்கையின் மொத்த ஏற்றம் கிட்டத்தட்ட −22. நடுநிலை இல்லை என்று லாம்ப்ஸ் ஒரு எச்சரிக்கை வரி எழுதிவிட்டுத் தன்பாட்டில் ஓடும், நிற்காது. பதிவுக்கோப்பில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னொன்று, வெட்டிய ஓரத்தில் ஒரே ஒரு ஒட்சிசனோடு தொங்கும் தைத்தேனியங்கள். பளிங்குக்குள் ஆறு ஒட்சிசனோடு இருந்தது இப்போது ஒன்றோடு நிற்கிறது. அது முதல் சில நூறு படிகளிலேயே ஓடிவிடும், கூடவே அயலையும் இழுக்கும்.

அதனால் உருண்டையை விடுங்கள். அனடேசின் இயற்கை வடிவம் (101) முகங்களாலான இரட்டைக் கூம்பகம், மேலும் கீழும் (001) முகத்தால் கொஞ்சம் சீவப்பட்டது. லட்சேரி, விட்டடீனி, செல்லோனி 2001இல் டி.எஃப்.டி. மூலம் கணித்த மேற்பரப்புச் சக்தி (101)க்கு 0.44, (001)க்கு 0.90 யூல். மொத்த மேற்பரப்புச் சக்தி மிகக் குறைவாக இருக்கும் வடிவமான வுல்ஃப் அமைப்பு அந்த விகிதத்தில் இருந்துதான் வருகிறது. முகங்களை அந்த விகிதத்தில் வெட்டி, நான்குக்குக் குறைந்த ஒட்சிசனோடு நிற்கும் தைத்தேனியங்களை நீக்கி, பிறகு தளர்வாகத் தொங்கும் ஒட்சிசன்களை ஒன்றுக்கு இரண்டு வரும்வரை எடுங்கள். எடுக்கும்போது ஒரே பக்கத்தில் எடுக்காதீர்கள், துணிக்கைக்குப் பெரிய இருமுனைவுத் திருப்பம் வந்துவிடும். சக்தியை இழிவாக்கிய பிறகு 10 கெல்வினில் தொடங்கி மெல்ல மெல்லச் சூடாக்குங்கள். சுற்றிலும் குறைந்தது துணிக்கையின் விட்டமளவு வெற்றிடம் விடுங்கள், ஆவர்த்தன எல்லையில் பக்கத்துப் பிம்பத்தோடு அது கதைக்கக்கூடாது. 5 நனோமீற்றருக்கு அனடேசைத் தெரிந்தது சரியானதுதான். ஏறத்தாழ 14 நனோமீற்றருக்குக் கீழே அனடேசே உறுதியானது என்று ஷாங், பான்ஃபீல்ட் 1998இல் காட்டியிருக்கிறார்கள்.

பக்கிங்ஹாம் வடிவத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு அணுக்கள் மிக நெருங்கினால் ஆறாம் அடுக்கு உறுப்பு வென்று சக்தி முடிவில்லாமல் கீழே போகும், அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். பி.கே.எஸ். சிலிக்காவை உயர் வெப்பநிலையில் ஓட்டுபவர்கள் எல்லோரும் இதைக் கண்டிருப்பார்கள். மட்சுயி–அக்கவோகியில் அந்தத் தடை நூற்றுக்கணக்கான இலத்திரன்வோல்ட் உயரம், சாதாரணச் சூட்டில் யாரும் தாண்ட மாட்டார்கள். தாண்ட வைப்பது தொடக்க அமைப்புத்தான்: தண்ணீரை நிரப்பும்போது ஒரு மூலக்கூறு துணிக்கைக்குள் புகுந்திருந்தால் போதும். மூலக்கூறுகளைப் பெட்டியில் நிரப்பித் தரும் பக்மொல் என்ற மென்பொருளில் 2 அங்ஸ்ட்ரத்துக்குக் கிட்ட வரவிடாமல் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தண்ணீருக்கு இரண்டு பாதை. பண்டூரா, குபிக்கி இருவரும் 2003இல் மட்சுயி–அக்கவோகியின்மேலேயே தண்ணீர்க்கான எண்களைக் கட்டினார்கள், எஸ்.பி.சி./ஈ தண்ணீர் மாதிரியோடு ஒத்துப்போகும்படி. வேகமானது, ஆனால் தண்ணீர் மூலக்கூறு உடையாது. உடைவதைப் பார்க்க வேண்டுமென்றால் ரியாக்ஸ்எஃப்எஃப், இதே ஒட்சைட்டுக்கும் தண்ணீருக்கும் 2013இல் வந்த தொகுதி. பிணைப்பு உருவாவதும் முறிவதும் அதில் தெரியும். குறையற்ற (101) முகத்தில் தண்ணீர் முழு மூலக்கூறாக ஒட்டும், (001) முகத்தில் உடைந்து ஐதரொட்சைல் ஆகும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. நீங்கள் எடுத்த பொட்டென்சியல் அந்த வேறுபாட்டைக் காட்டுகிறதா என்பதே உங்கள் முதல் பரிசோதனையாக இருக்கட்டும். ரியாக்ஸ்எஃப்எஃப் கோப்புகளில் ஒரு பொறி: ஒரே மூலகங்களுக்குப் பல கோப்புகள் உண்டு, தண்ணீர்க் கிளை, எரிதல் கிளை என்று பிரிந்து வளர்ந்தவை. ஒரு கிளையில் இருந்து ஒட்சிசனையும் மறு கிளையில் இருந்து தைத்தேனியத்தையும் எடுத்துக் கலப்பது, ஒரு வீட்டுப் பூட்டை இன்னொரு வீட்டுத் திறப்பால் திறக்கப் பார்ப்பது போலத்தான்.

இடைக்குறிப்பாக ஒன்று. தண்ணீர் என்றால் எங்கள் ஊரில் சுத்தமான தண்ணீர் அல்ல. சுண்ணக்கல்லுக்குள் இருந்து வரும் கிணற்றுத் தண்ணீரில் கல்சியமும் தோட்டப் பசளையின் நைத்திரேற்றும் கரைந்திருக்கின்றன. நீர் சுத்திகரிப்புப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் அந்த அயன்களுக்கும் எண்கள் வேண்டும், அவையும் அதே தண்ணீர் மாதிரியோடு பொருத்தப்பட்டவையாக இருக்க வேண்டும். கல்சியம் காபனேற்றுக்கு ரைட்டேரி, கேல் ஆகியோர் 2010இல் இருந்து செய்தவை கவனமானவை, ஏனென்றால் கரைசலில் உள்ள அயனின் சக்தியையும் சேர்த்தே பொருத்தினார்கள். ஆனால் அவர்களுடைய தண்ணீர் மாதிரி வேறு. இறுதியாண்டுச் செயற்றிட்டத்தில் இதை உள்ளே இழுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்புறம், இயந்திரக் கற்றல் பொட்டென்சியல்கள். ‘இவ்வளவும் எதற்கு, மேஸ் போட்டால் போகாதா’ என்று உங்கள் நண்பர்கள் கட்டாயம் கேட்பார்கள். 2007இல் பேலர், பரினெல்லோ தொடங்கி வைத்த வழி இன்று ஆவர்த்தன அட்டவணையின் பெரும்பகுதியையும் ஒரே மாதிரிக்குள் அடக்கும் அளவுக்கு வந்துவிட்டது. மேஸ்-எம்.பி.-0, சி.எச்.ஜி.நெட் போன்றவற்றை ஏ.எஸ்.ஈ. என்ற பைதன் நூலகம் வழியாகச் சில வரிகளில் ஓட்டலாம். வெள்ளி–ஒட்சைட்டு இடைமுகத்துக்கு ஏதாவது ஒன்றை இன்றே தரக்கூடியது இவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவை படித்தது மெற்றீரியல்ஸ் புரொஜெக்ட் என்ற தரவுத்தளத்தின் டி.எஃப்.டி. தரவு, அதுவும் பெரும்பாலும் முழுப் பளிங்குகள். அதனால் இரண்டு விளைவு. முதலாவது, ஆசிரியரின் பிழை மாணவனுக்கும் வரும். அந்தத் தரவின் அடிப்படையான பி.பி.ஈ. என்ற அண்ணளவாக்கம், அனடேசு உருட்டைலைவிட உறுதியானது என்று சொல்லும். வெப்ப அளவீடோ உருட்டைல்தான் உறுதியானது, மோலுக்கு ஏறத்தாழ 2.6 கிலோயூல் வித்தியாசம் என்கிறது. 1991இன் அந்த எளிய பொட்டென்சியல் இந்த ஒழுங்கைச் சரியாகத் தருகிறது, இன்றைய பெரிய வலையமைப்பு தராமல் போகலாம். இரண்டாவது, சமநிலையில் இருந்து விலகிய இடங்களில், மேற்பரப்பு, குறைகள், அதிர்வுகள் போன்றவற்றில், இவை விசையைக் குறைத்து மதிப்பிடுகின்றன என்று 2024இல் டெங் குழுவினர் காட்டினார்கள். சில நூறு டி.எஃப்.டி. அமைப்புகளைக் கொடுத்து மறுபடி பயிற்றினால் அது பெருமளவு திருந்துகிறது. அந்தச் சில நூறைக் குவாண்டம் எஸ்பிரெசோ என்ற டி.எஃப்.டி. மென்பொருளில் நீங்களே கணிக்கலாம், சின்னப் பலகைகள்தானே, அதாவது பளிங்கில் இருந்து வெட்டிய மெல்லிய தட்டுகள். ஆனால் அது வேறொரு செயற்றிட்டம், வேறொரு ஆண்டு.

ஆகவே வெள்ளியைப் பற்றி என் தீர்ப்பு: முதல் ஓட்டங்களில் அது வேண்டாம். ஈ.ஏ.எம். வெள்ளியையும் பக்கிங்ஹாம் ஒட்சைட்டையும் லாம்ப்ஸில் ஒன்றாக ஓட்ட முடியும். ஆனால் இரண்டுக்கும் நடுவிலான சோடிக்கு லெனாட்–ஜோன்ஸ் அல்லது மோர்ஸ் எண்களை நீங்களே தர வேண்டும். கலவை விதியால் வரும் எண்ணை அப்படியே போட்டுவிட்டு முடிவு எழுதும் கட்டுரைகள் உண்டு, அவற்றை நான் நம்புவதில்லை. (101) பலகையில் ஒற்றை வெள்ளி அணுவை வைத்து டி.எஃப்.டி. ஒட்டற் சக்தியைச் சில உயரங்களுக்கு எடுத்து, அந்த வளைகோட்டுக்குப் பொருத்தினால் குறைந்தபட்சம் எதற்குப் பொருத்தியது என்று பரிசோதகரிடம் சொல்லலாம்.

வேலையின் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முழுப் பளிங்கின் சாலக மாறிலி முதலில். 1 அல்லது 2 சதவீதத்துக்குள் வராவிட்டால் அலகையோ எண்ணையோ பிழையாகப் போட்டிருக்கிறீர்கள். அடுத்து (101), (001) பலகைகள்: பலகையின் சக்தியில் இருந்து அதே அளவு பளிங்கின் சக்தியைக் கழித்து இரு மடங்குப் பரப்பால் வகுத்தால் மேற்பரப்புச் சக்தி. அறுதி எண் மேலே சொன்ன 0.44, 0.90 இலிருந்து விலகலாம், (101) சிறியது என்ற ஒழுங்கு மட்டும் மாறக்கூடாது. மாறினால் அந்தப் பொட்டென்சியல் துணிக்கையின் வடிவத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் எழுதாதீர்கள். பிறகே துணிக்கை, அதன் பிறகே தண்ணீர்.

கணினியைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். வெறும் துணிக்கை 5,800 அணுக்கள், மேசைக் கணினிக்குப் பாரமில்லை. 8 நனோமீற்றர்ப் பெட்டியில் தண்ணீர் நிரப்பினால் ஏறத்தாழ 15,000 தண்ணீர் மூலக்கூறுகள், மொத்தம் 50,000 அணுக்களைத் தாண்டும், 1 பெம்டோசெக்கன் படியில் சில நனோசெக்கன்களுக்கு நாட்கணக்கில் ஓடும். ரியாக்ஸ்எஃப்எஃப் என்றால் படி கால் பெம்டோசெக்கன், ஒவ்வொரு படியும் பல மடங்கு மெதுவு, ஆகவே அதை முழுத் துணிக்கைக்கு அல்ல, ஒரு பலகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் தொடர்வதற்கு ரீஸ்டார்ட் கோப்பை இரண்டு பெயரில் மாறி மாறி எழுத லாம்ப்ஸில் வசதி உண்டு. ஒன்று எழுதும் நேரத்தில் மின் போய்ப் பழுதானாலும் மற்றது நிற்கும். கட்டுரைக்குப் பணம் கேட்டால் முன்பதிப்பு இருக்கிறதா என்று ஆர்க்கைவில் பாருங்கள், இல்லாவிட்டால் எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். பொட்டென்சியல் செய்தவர்களுக்கு அதை யாராவது பாவிப்பதில் சந்தோசம், பெரும்பாலும் உள்ளீட்டுக் கோப்பையும் சேர்த்தே அனுப்புவார்கள்.